ஒரே கம்பளத்துக்கு மூன்று விலை

2009ஆம் வருடம், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். ஓவியம், பீங்கான், மரச்சாமான், நகை என்று வருவதையெல்லாம் ஏலம் போடும் ஓர் உள்ளூர் ஏலக்கூடத்துக்கு ஒரு பழைய பாரசீகக் கம்பளம் விற்பனைக்கு வந்தது. நீளம் சுமார் 3.4 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். ஏலப் பட்டியலில் அதற்குப் போட்ட மதிப்பு 900 யூரோ. ஏல நாளில் விலை ஏறிக்கொண்டே போய் 19,700 யூரோவில் நின்றது. எதிர்பார்த்ததைவிட இருபது மடங்குக்கு மேல். கொண்டுவந்து ஒப்படைத்தவருக்கு அன்று அது நல்ல நாளாகத்தான் தெரிந்திருக்கும்.

அடுத்த வருடம் ஏப்ரல் 15 அன்று அதே கம்பளம் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. அங்கே போட்ட மதிப்பு 2 லட்சம் முதல் 3 லட்சம் பவுண்டு. விற்றதோ 62,01,250 பவுண்டுக்கு. யூரோவில் சொன்னால் சுமார் 70 லட்சம். அதுவரை உலகில் எந்தக் கம்பளமும் எந்த ஏலத்திலும் இந்த விலையைத் தொட்டதில்லை.

கம்பளம் அதேதான். மாறியது அதைப் பார்த்த கண்களும், அது விரிக்கப்பட்ட அறையும். பழைய கைமுடிச்சுக் கம்பளத்துக்கு விலை எப்படிப் போடுகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். மதிப்பீட்டில் எங்கெல்லாம் தவறலாமோ அங்கெல்லாம் இந்த ஒரு கம்பளம் போய் வந்திருக்கிறது.

அது என்ன கம்பளம்

தென்கிழக்கு ஈரானில், பாலைவனத்தை ஒட்டி இருக்கும் ஊர் கெர்மான். சஃபாவிய மன்னர்கள் காலத்தில், குறிப்பாக 17ஆம் நூற்றாண்டில், அங்கே நெய்த ஒரு வகைக் கம்பளத்துக்குப் பூச்சாடிக் கம்பளம் என்று பெயர். அந்த வகையில் சிலவற்றில் கொடிகளுக்கு நடுவே பூச்சாடி வரைந்திருக்கும். அதனால் வந்த பெயர். ஆனால் இன்று அந்தப் பெயர் சித்திரத்தைக் குறிப்பதில்லை, நெசவு முறையைக் குறிக்கிறது. ஆக்ஸ்பர்க் கம்பளம் இலைகள் நிறைந்த சித்திரம் கொண்டது. ஆனாலும் அது பூச்சாடிக் கம்பளம்தான்.

நெசவு முறை என்றால் என்ன? நம் ஊர்த் தறியில் இருப்பதுபோல இங்கேயும் நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. கூடுதலாக, பாவு நூல்களில் இரண்டு இரண்டாகச் சேர்த்து ஒரு துண்டுக் கம்பளி நூலை முடிச்சிட்டு, நுனியைக் கத்தரித்து விடுகிறார்கள். அந்த நுனிகள்தான் கம்பளத்தின் ரோமம்; நம் காலில் மெத்தென்று படுவதும் அவைதான். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடையை ஓட்டி, சீப்பால் தட்டி இறுக்கி, அடுத்த வரிசைக்குப் போவார்கள். பெரும்பாலான கம்பளங்களில் வரிசைக்கு ஒன்றோ இரண்டோ ஊடை. கெர்மான் பூச்சாடிக் கம்பளத்தில் மூன்று. முதலாவதும் மூன்றாவதும் கம்பளி நூல், விறைப்பாக இழுத்தது. நடுவில் போவது மெல்லிய பட்டு அல்லது பஞ்சு நூல், தளர்வாக வளைந்து வளைந்து ஓடும். விறைப்பான ஊடைகள் ஒன்று விட்டு ஒரு பாவைக் கீழே தள்ளிவிடுவதால் பாவு இரண்டு அடுக்காக நிற்கும். கம்பளம் கையில் எடுத்தால் கனத்து, விறைத்து இருக்கும்.

இந்த அமைப்பைத் தெளிவாக வரையறுத்தவர் மே பீட்டி என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர். மத்திய பாரசீகக் கம்பளங்களுக்காக 1976இல் இங்கிலாந்தில் நடந்த கண்காட்சியை ஒட்டி அவர் செய்த வேலைக்குப் பிறகுதான் இது கம்பள உலகில் பொது அறிவானது. நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோலத்தை யாரும் பார்த்துப் போட்டுவிடலாம். ஆனால் மாவை விரலிடுக்கில் விடும் பழக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி. கம்பளத்திலும் அப்படித்தான். சித்திரம் ஊர் ஊராகப் பயணம் போகும். கெர்மான் சித்திரத்தை வடமேற்கு ஈரானின் தப்ரீஸில் நெய்யலாம், லாகூரில் நெய்யலாம், உத்தரப் பிரதேசத்தின் பதோஹியில் நெய்யலாம். கை பழகிய கட்டுமானம் அவ்வளவு எளிதில் ஊர் மாறாது. ஆகவே கம்பளம் எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு முன்புறத்தைவிடப் பின்புறம் நம்பகமான சாட்சி.

இன்னொரு சாட்சியும் இருந்தது. இந்தக் கம்பளம் ஒரு காலத்தில் பாரிஸில் வாழ்ந்த பெரிய கலைச் சேகரிப்பாளரான பெஹாக் சீமாட்டியிடம் இருந்தது. அவர் 1939இல் இறந்தார். அதற்குப் பிறகு கை மாறிய வழியில் எங்கேயோ அந்தப் பெயர் கம்பளத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. ஆக்ஸ்பர்க்குக்கு அது ஊர்பேர் இல்லாத பழைய கம்பளமாக வந்தது. லண்டனுக்குப் போனபோது பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டுதான் போனது.

பின்புறத்தைத் திருப்பினால்

கம்பளம் பார்க்கப் போனால் முன்புறத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முன்புறம் அழகு, அழகைப் பார்த்தவுடன் மனம் ஒரு விலையை முடிவு செய்துவிடும். அப்புறம் பின்னால் பார்ப்பதெல்லாம் அந்த விலைக்குச் சாக்குத் தேடுவதாகப் போய்விடும்.

ஒரு மூலையை மடித்துப் பின்புறம் பாருங்கள். துணி ஒட்டியிருந்தால், அதற்கு அடியில் பால்பசை வாடை வந்தால், அது கையால் முடிந்தது அல்ல. துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி, பசை தடவி, துணி ஒட்டியது. அதற்குப் பழம்பொருள் மதிப்பு கிடையாது. துணி இல்லையென்றால் குஞ்சத்தைப் பாருங்கள். கைமுடிச்சுக் கம்பளத்தின் குஞ்சம் பாவு நூலின் மிச்சம். கம்பளத்தின் உடலுக்குள்ளிருந்தே வெளியே வரும். தனியாக வைத்துத் தைத்திருந்தால் இயந்திரக் கம்பளமாக இருக்கலாம், அல்லது பழைய குஞ்சம் தேய்ந்து போனதால் மாற்றியிருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் விலையில் குறையும்.

அடுத்து முடிச்சு எண்ணிக்கை. இதைப் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். தப்ரீஸ் வியாபாரிகள் 'ரஜ்' கணக்கு சொல்வார்கள்: ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை முடிச்சு என்பது அது. 50 ரஜ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 5 லட்சம் முடிச்சு. எண்ணும்போது ஒரு தவறு எல்லோரும் செய்வார்கள். பாவு ஒரே தளத்தில் இருந்தால் ஒவ்வொரு முடிச்சும் பின்புறம் இரண்டு புடைப்பாகத் தெரியும்; பாவு இரண்டு அடுக்காக இருந்தால் ஒரே புடைப்பு. அது தெரியாமல் எண்ணினால் கணக்கு இரட்டித்துவிடும். 'ஜுஃப்தி' என்று ஒரு முடிச்சு இருக்கிறது; இரண்டு பாவுக்குப் பதில் நான்கு பாவைச் சேர்த்துப் போடுவது. வேலை பாதி, கம்பளி பாதி, ஆயுளும் குறைவு. வடகிழக்கு ஈரானின் கொராசான் பக்கத்துக் கம்பளங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

ஆனால் முடிச்சு எண்ணிக்கையை விலையாக மாற்றும் வாய்ப்பாடு எதுவும் இல்லை. இன்றைக்கு ஈரானின் கோம் நகரத்தில் நெய்யும் பட்டுக் கம்பளத்தில் சதுர மீட்டருக்கு 10 லட்சம் முடிச்சு சாதாரணம். 62 லட்சம் பவுண்டுக்குப் போன கெர்மான் கம்பளத்தை முடிச்சு அடர்த்தியில் அது எளிதில் தோற்கடித்துவிடும். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே வகையில் நெய்த இரண்டு கம்பளங்களை ஒப்பிடும்போது மட்டும் முடிச்சுக் கணக்கு பேசும். ஊர் தாண்டினால் அதற்கு வாய் இல்லை.

சாயம் அப்படியல்ல. அது காலத்தைச் சொல்லும். பாரசீகத்தின் பழைய வண்ணங்களில் நீலம் அவுரியிலிருந்து வந்தது, சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து. நம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த சாயவேரிலும், பாரசீகத்தின் அந்த வேரிலும் சிவப்பைத் தரும் பொருள் ஒன்றேதான், அலிசரின். 1856இல் லண்டனில் பெர்க்கின் என்ற இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1860களின் கடைசியில் அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. ஆரம்பகாலச் செயற்கைச் சாயங்கள் பல வெயிலில் வெளுத்துவிடும். எனவே ரோமத்தை விரலால் பிளந்து அடிவேரைப் பாருங்கள். நுனியில் பழுப்பாகவும் அடியில் பளிச்சென்ற ஊதா அல்லது ஆரஞ்சாகவும் இருந்தால், கம்பளம் 1860க்கு முந்தியது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். எதிர்த் திசையில் இந்த வாதம் செல்லாது. இயற்கைச் சாயம் இருக்கிறது, ஆகவே பழையது என்று சொல்ல முடியாது. 1980களில் துருக்கியில் இயற்கைச் சாயத்தை மீட்டெடுத்தார்கள். ஈரானிலும் பிறகு செய்தார்கள். நேற்று நெய்ததிலும் நல்ல மஞ்சிட்டிச் சிவப்பு இருக்கலாம்.

சில கம்பளங்களில் வருடத்தையே நெய்திருப்பார்கள். அது இஸ்லாமிய ஹிஜ்ரி வருடம். சந்திரக் கணக்கென்றால் எண்ணை 33ஆல் வகுத்து, வந்ததைக் கழித்து, 622 கூட்ட வேண்டும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளத்தில் 946 என்று இருக்கிறது, அது 1539-40. ஆனால் 1925லிருந்து ஈரான் சூரியக் கணக்குக்கு மாறிவிட்டது, அதற்கு 621 கூட்டினால் போதும். உங்கள் கையில் இருக்கும் கம்பளம் 1345 என்று காட்டினால்? சந்திரக் கணக்கில் 1926, சூரியக் கணக்கில் 1966. நாற்பது வருட வித்தியாசம். ஒன்று நூறு வயதை எட்டும் பழம்பொருள், மற்றது பாட்டி காலத்துக் கம்பளம். எண்ணை மட்டும் பார்த்தால் முடிவுக்கு வர முடியாது. சாயமும் கட்டுமானமும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சரி, ஆக்ஸ்பர்க்குக்குத் திரும்புவோம். மூன்று ஊடை, அதில் நடுவே மெல்லியது, இரண்டு அடுக்குப் பாவு, பூச்சாடி வகைக்கே உரிய ஏராளமான வண்ணங்கள். இவ்வளவும் ஒரு பூதக்கண்ணாடியை வைத்தால் தெரிந்துவிடக்கூடிய விஷயங்கள். ஆனால் தெரிவது வேறு, தெரிந்ததற்கு என்ன அர்த்தம் என்று அறிவது வேறு. ஊடை மூன்று என்று எண்ணிவிடலாம். மூன்று என்றால் கெர்மான், கெர்மான் என்றால் சஃபாவியர் காலமா என்று கேள் என்று தோன்றுவதற்கு முன்பே அதைப் படித்திருக்க வேண்டும். பழைய தேய்ந்த கம்பளமாகப் பார்த்தவருக்கு 900 யூரோ என்பது நியாயமான எண்ணாகத்தான் பட்டிருக்கும்.

தேய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருபதாம் நூற்றாண்டுக் கம்பளத்தில் தேய்மானம் விலையைக் கொல்லும். அந்துப்பூச்சி தின்ற இடம், பாவு இற்றுப்போய் மடித்தால் படபடவென்று ஒடியும் சத்தம், தேய்ந்த இடத்தில் மையால் வண்ணம் பூசி மறைத்தது, நடுவே வெட்டி ஒட்டிச் சிறிதாக்கியது, எல்லாமே விலையைக் குறைக்கும். 17ஆம் நூற்றாண்டுக் கம்பளத்துக்கு அளவுகோல் வேறு. அந்தக் காலத்துக் கம்பளம் முழுதாக இருப்பதே அபூர்வம் என்பதால் துண்டுகளைக்கூடச் சட்டம் போட்டு விற்கிறார்கள். அர்தபீல் கம்பளமே அதற்கு வேதனையான உதாரணம். அது ஒரு ஜோடி. 1893இல் லண்டன் அருங்காட்சியகம் அந்த ஜோடியில் ஒன்றை 2,000 பவுண்டுக்கு வாங்கியது. ஓவியரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் பரிந்துரைத்தார். அதன் ஓட்டைகளைச் சரிசெய்ய மற்றொன்றிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். கரை இழந்த அந்த இரண்டாவது கம்பளம் இன்று லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றை முழுதாக்கினால் விலை கூடும் என்று யாரோ போட்ட கணக்குக்கு இன்னொன்று பலியானது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

இரண்டு ஏலத்திலும் அதே தவறு

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆக்ஸ்பர்க்கை மட்டும் குற்றம் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. ஆக்ஸ்பர்க்கில் 900 போட்டு 19,700 வந்தது. சுமார் 22 மடங்கு. லண்டனில் உச்ச மதிப்பாக 3 லட்சம் போட்டார்கள். 62 லட்சத்தில் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணமும் அடக்கம், அதைக் கழித்தால் சுத்தியல் விழுந்தது 55 லட்சத்தில். சுமார் 18 மடங்கு. அதாவது கம்பளம் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்களும், பெயர், ஊர், காலம், பழைய உடைமையாளர் எல்லாம் கையில் இருந்தும், விகிதத்தில் கிட்டத்தட்ட அதே அளவு தவறினார்கள்.

அவர்களிடம் ஒப்பிட என்ன இருந்தது? 2008 ஜூனில் நியூயார்க்கில் ஓர் இஸ்ஃபஹான் பட்டுக் கம்பளம் சுமார் 44.5 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. 2009 மார்ச்சில் தோஹாவில் பரோடா முத்துக் கம்பளம் ஏறக்குறைய 55 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் முதலாவது டோரிஸ் டியூக் என்ற அமெரிக்கச் செல்வச் சீமாட்டியின் பெயரோடு வந்தது. இரண்டாவது ஒரு மகாராஜாவின் பெயரோடு வந்தது, அது முடிச்சுக் கம்பளமே அல்ல, முத்துகளைக் கோத்துச் செய்த வேலை. கெர்மான் கம்பளத்துக்கு நேராக வைத்துப் பார்க்க ஆள் இல்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் கவனமாக, குறைத்துப் போடுவது ஏலக்காரர்களின் வழக்கம். குறைந்த மதிப்பு ஆட்களைக் கூட்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஏலத்தில் விலையை நிர்ணயிப்பவர் வாங்குபவர் என்று நினைக்கிறோம். உண்மையில் கடைசியாக விலகிக்கொண்டவர்தான் நிர்ணயிக்கிறார். ஆக்ஸ்பர்க்கில் குறைந்தது இரண்டு பேருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 900 என்பது 19,700 ஆகாது. அவர்களில் இரண்டாமவரின் தைரியம் 19,700இல் முடிந்தது. அவருக்கு இன்னும் கொஞ்சம் நிச்சயம் இருந்திருந்தால் விலை 2 லட்சம் ஆகியிருக்கும். லண்டனில் அந்த இரண்டாமவருக்குக் கம்பளம் என்னவென்று நன்றாகவே தெரிந்திருந்தது, பணமும் இருந்தது. ஆகவே ஒரு அபூர்வக் கம்பளத்துக்கு விலை சொல்வது என்றால், அதை அறிந்த இரண்டு பேராவது வரக்கூடிய அறை எது என்று கண்டுபிடிப்பதும் அதில் சேரும். மதிப்பீட்டுத் தாளில் இதற்குத் தனிக் கட்டம் இருப்பதில்லை. இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

மூன்று வருடத்தில் இந்தச் சாதனையும் உடைந்தது. 2013 ஜூன் 5 அன்று நியூயார்க் சோத்பீஸ் ஏலக்கூடத்தில் அதே பூச்சாடி நெசவு முறையில் ஆன இன்னொரு 17ஆம் நூற்றாண்டுக் கம்பளம் வந்தது. தாமிரச் சுரங்க அதிபரும் அமெரிக்க செனட் உறுப்பினருமான வில்லியம் கிளார்க் வாஷிங்டனின் கார்கரன் கலைக்கூடத்துக்கு எழுதிவைத்துப் போனது. சிவப்புத் தளம், அரிவாள் போல வளைந்த இலைகள். மதிப்பு 50 முதல் 70 லட்சம் டாலர். விற்றது 3,37,65,000 டாலருக்கு. இப்போது ஒப்பிட ஆக்ஸ்பர்க் கம்பளம் இருந்தது, பெயர் இருந்தது, அருங்காட்சியகத்தின் கைராசியும் இருந்தது. அப்படியும் நான்கு மடங்குக்கு மேல் தவறியது.

நீதிமன்றத்தில்

லண்டன் செய்தி வந்ததும் கம்பளத்தை ஒப்படைத்தவர் ஆக்ஸ்பர்க் ஏலக்காரர்மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். சரியாக ஆராய்ந்திருந்தால் இந்தப் பணம் எனக்கு வந்திருக்குமே என்பது அவர் வாதம். 2012 ஜனவரியில் ஆக்ஸ்பர்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எல்லாவிதப் பொருளையும் ஏலம் போடுகிற பொது ஏலக்காரர் அவர். கம்பள வல்லுநருக்கு இருக்கும் அறிவை அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இது எனக்குச் சரியாகவே படுகிறது. ஊர் மருத்துவர் இதய அறுவை நிபுணருக்குத் தெரிந்ததைத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல ஊர் மருத்துவர் ஒன்று செய்வார்: இது எனக்கு மேல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதிக் கொடுப்பார். மதிப்பீட்டாளருக்கும் அந்த நேர்மைதான் முதல் தகுதி. 900 என்று எழுதியதில் இருக்கும் குறையைவிட, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'கட்டுமானம் எனக்குப் பழக்கமில்லாதது, சிறப்பு வல்லுநரிடம் காட்டவும்' என்று ஒரு வரி இல்லாமல் போனதுதான் ஒப்படைத்தவருக்கு நடந்த பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன்.

தீர்ப்பிலிருந்து விற்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தவறான மதிப்பீட்டைச் சட்டம் ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில் சுத்தியலை விழவிடக் கூடாது. விழுந்த பிறகு திரும்பாது.

வீட்டில் இருக்கும் கம்பளம்

உங்கள் வீட்டில் இருப்பது சஃபாவியர் காலத்துக் கெர்மானாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. பெரும்பாலும் 1920க்கும் 1980க்கும் நடுவே நெய்த ஈரானியக் கம்பளமாக இருக்கும், அல்லது பாரசீகச் சித்திரத்தை எடுத்துக்கொண்டு காஷ்மீர், பதோஹி, லாகூர் என்று வேறெங்கோ நெய்ததாக இருக்கும். அவற்றுக்கு ஒப்பீடு ஏராளம் கிடைக்கும். ஆகவே ஆக்ஸ்பர்க்கில் போட்ட 900 யூரோ லண்டனில் 70 லட்சம் ஆனது மாதிரி கிட்டத்தட்ட எட்டாயிரம் மடங்கு தவறு நடக்காது. ஆனால் இங்கே தவறு எதிர்ப்பக்கம் நடக்கும்: விலையை மிகையாக நினைத்துக்கொள்வது.

1920களில் ஈரானின் அராக் நகரப் பக்கத்தில் அமெரிக்கச் சந்தைக்காகவே நெய்த சரூக் கம்பளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜாச் சிவப்புத் தளத்தில் பிரிந்து பிரிந்து கிடக்கும் பூங்கொத்துகள். அமெரிக்காவுக்குப் போனதும் பளபளப்புக்காக ரசாயனத்தில் அலசினார்கள். அலசியதில் நிறம் வெளிறியது. வாடிக்கையாளர்கள் கேட்டது ஆழ்ந்த அரக்குச் சிவப்பு. உடனே பூக்களுக்கு நடுவே தூரிகை வைத்துச் சாயம் பூசினார்கள், கம்பளம் கம்பளமாக. அப்படிப் பூசியதைக் கண்டுபிடிக்க இரண்டு நொடி போதும்: முன்புறம் அரக்கு, பின்புறம் வெளிர் ரோஜா. அந்தக் காலத்தில் அது கூடுதல் விலைக்காகச் செய்த வேலை. இன்றைக்குப் பூசாத சரூக் கிடைத்தால் அதற்குத்தான் மதிப்பு. பூசியதைச் சிலர் திரும்பவும் அலசி ரோஜா நிறத்துக்கே கொண்டுவருகிறார்கள். நூறு வயதுக் கம்பளிக்கு மறுபடியும் ரசாயனக் குளியல். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பாரசீகச் சித்திரம் கொண்ட இந்திய, பாகிஸ்தானியக் கம்பளங்களுக்கு மறுவிற்பனையில் பொதுவாக ஈரானியதைவிடக் குறைந்த விலைதான். ஆனால் இதையும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ரா, அமிர்தசரஸ் நகரங்களில் நெய்தவை, ஆக்ரா சிறையில் கைதிகள் நெய்தவை உட்பட, இன்று அதே காலத்துப் பல ஈரானியக் கம்பளங்களைவிட அதிகம் தேடப்படுகின்றன. அன்றைய மதராஸ் மாகாணத்து ஏலூரிலும் பாரசீக வழிவந்த முடிச்சுக் கம்பள நெசவு இருந்தது. பழைய ஏலூர்க் கம்பளம் யார் வீட்டிலாவது சுருண்டு கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

விலை நாட்டின் எல்லையைப் பொறுத்தும் மாறும். ஈரானியக் கம்பள இறக்குமதிக்கு அமெரிக்கா 1987இல் தடை போட்டது, 2000இல் தளர்த்தியது, 2010இல் மறுபடி போட்டது, 2016இல் எடுத்தது, 2018இல் மீண்டும் கொண்டுவந்தது. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் ஓர் ஈரானியக் கம்பளம் எப்போது உள்ளே வந்தது என்ற ரசீதுக்கே ஒரு மதிப்பு உண்டு. பழைய விற்பனைச் சீட்டு, கடைக்காரர் பின்னால் தைத்த துணிப்பட்டை, வீட்டு வரவேற்பறையில் அது விரித்திருக்கும் பழைய புகைப்படம், எதையும் கழற்றி எறியாதீர்கள். பெஹாக் சீமாட்டியின் பெயர் அப்படித்தான் எங்கேயோ தொலைந்தது.

மதிப்பீடு கேட்கும்போது எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காப்பீட்டுக்கு எழுதும் விலை, அதே போன்ற ஒன்றைக் கடையில் புதிதாகத் தேடி வாங்க ஆகும் செலவு. பாகப்பிரிவினைக்கு எழுதும் விலை, அவசரமில்லாத இரண்டு பேர் பேசி முடிக்கக்கூடிய தொகை. நாளைக்கே விற்க வேண்டும் என்றால் கிடைப்பது மூன்றாவது, எல்லாவற்றிலும் குறைவு. முதலாவதில் கால்பங்குகூட மூன்றாவதில் வராமல் போவது சாதாரணமாக நடக்கிறது. காப்பீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய் மனம் உடைந்து திரும்புபவர்கள் மதிப்பீட்டாளரைத் திட்டுவார்கள். மதிப்பீட்டாளர், ஏலக்காரர் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, கேள்விதான் வேறு.

நன்றாக இருக்கும் ஒரு பழைய கம்பளத்துக்கு விலை தெரிய வேண்டும் என்றால், பகல் வெளிச்சத்தில் விரித்து முழுதாக ஒரு படம் எடுங்கள். பின்புறத்தின் ஒரு மூலையில் அளவுகோலை வைத்து, புடைப்புகளை எண்ண முடிகிற அளவு நெருக்கமாக இன்னொன்று. ரோமத்தைப் பிளந்து அடிநிறம் தெரிய ஒன்று. குஞ்சத்துக்கும் ஓரத்துக்கும் ஒவ்வொன்று, கிழிசல் இருந்தால் அதற்கும். இந்தப் படங்களை ஒருவருக்கு மட்டும் அனுப்பாமல், கம்பளத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் ஏல நிறுவனங்கள் இரண்டுக்காவது அனுப்புங்கள். பல நிறுவனங்கள் படத்தைப் பார்த்து முதல் கருத்துச் சொல்லக் கட்டணம் வாங்குவதில்லை. இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி இருந்தால் விற்பனையை நிறுத்திவைத்துவிட்டு மூன்றாமவரைக் கேளுங்கள். அதுவரை கம்பளத்தை மடிக்காமல், ஒரு குழலில் சுருட்டி, பருத்தித் துணி சுற்றி வையுங்கள்.